நடுக்கூடத்து வாய்க்கால்

வலது கையால் வேட்டியின் முன்மடிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையைக் கதவு நிலையில் ஊன்றி, காலை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று கீழே பார்த்தபடி நிற்கிற ஒரு பெரியவர். என் மாமனாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். முகம்கூட அதற்குப் பிறகுதான் வரும். பூஜை அலமாரிக்கு மேலே மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு சிரிக்கிறார். அந்தப் படத்துக்குத் தினமும் விளக்குக் காட்டுகிறேன். ஆனாலும் அதில் இருப்பவர் யாரோ ஒரு நல்ல மனிதர், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த மாமனார் தன் அறை வாசலைத் தாண்ட முடியாமல் நின்றவர். கணுக்காலுக்கு மேலே அரைச் சாண் வேட்டி தூக்கியிருக்கும். எதிரே இருந்தது அவரே கட்டிய கூடம்.

எங்கள் வீடு போத்தனூரில், ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. மாமனாருக்குப் பூர்வீகம் கிணத்துக்கடவுக்கு உள்ளே தள்ளி ஒரு தோட்டம். சின்ன வயதில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்து, விடியும் முன்னே மண்வெட்டியோடு வரப்பில் நின்று, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்பி வளர்ந்தவர். கிணறு வற்றிய காலத்தில் கோயமுத்தூருக்கு வந்து ஒரு மில்லில் சேர்ந்து மேஸ்திரி ஆனார். மில் அதிகாரியின் பங்களாவுக்கு ஃபேன் மாட்டப் போன ஒரு நாள், மாட்டி முடித்த பிறகும் ஏணியை விட்டு இறங்காமல் அந்தக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "கட்டுனா இப்படி ஒண்ணு கட்டோணும்னு ஏணி மேல நின்னே நெனச்சுபோட்டேன் அம்மணி" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். நினைத்ததை முடிக்கப் பல வருஷம் ஆனது. ஆனால் முடித்தார்.

அந்தக் காலத்தில் அது புதுமாதிரி வீடு. ஓடு கிடையாது, முற்றம் கிடையாது. தட்டையான கான்கிரீட் கூரை சுவரைத் தாண்டி அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ஒரு போர்ட்டிகோ, அதைச் சாய்வாக நிற்கும் இரண்டு இரும்புக் குழாய்கள் தாங்கும். அதில் நிறுத்த எங்களுக்கு இன்றுவரை கார் வாய்க்கவில்லை. கூடத்தின் கிழக்குப் பக்கம் சுவரே இல்லை, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை இரும்புச் சட்டமும் கண்ணாடியும்தான். கூடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜாலி, காற்று ஊடே போய் வரும். தரை மொசைக். சாம்பல் நிறத்தில் கறுப்பும் பச்சையுமாகக் கல் சில்லு, நடுநடுவே கண்ணாடிப் பட்டை பதித்துக் கட்டம் பிரித்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பங்காளிகள் வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டார்களாம். "தீப்பெட்டியப் படுக்கப் போட்டாப்புலயே இருக்குதே, ஏம்ப்பா, ஓடு வாங்க மறந்துபோட்டயா?" என்று ஒருவர் கேட்க, "ஓட்டுக்குள்ள தேளு குடியிருக்கும். இங்கெ நானல்ல குடியிருக்கப் போறேன்" என்றாராம் இவர். ஜன்னலுக்குக் கம்பி வைக்கவில்லையா என்று கேட்டவருக்கு, "கம்பி வெச்சா அதுக்குப் பேரு ஜெயிலுங்க" என்று பதில்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். எங்கள் ஊர் ஓட்டு வீட்டில் மதியத்திலும் விளக்குப் போட வேண்டும். இங்கே காலை ஆறரைக்கே வெயில் கூடத்தின் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும். முதல் நாள் எங்கே நின்றாலும் யாரோ பார்ப்பது போலவே இருந்தது. மாமியார்தான், "பழகிரும் கண்ணு. நானும் வந்த புதுசுல ஜாலிக்குப் பின்னாலயேதான் நின்னுட்டிருந்தேன்" என்றார். பழகிவிட்டது.

மாமியார் காலமான சில வருஷங்களில் மாமனாருக்கு மறதி வந்தது. முதலில் பேர்கள் மறந்தன. பிறகு சாப்பிட்டது மறந்தது. ஒரு நாள் மதியம் ஆளையே காணோம். தேடிக் கடைசியில் போத்தனூர் ஸ்டேஷனில் கண்டுபிடித்தோம். பெஞ்சில் உட்கார்ந்து கிணத்துக்கடவு வண்டிக்காகக் காத்திருந்தார், செருப்பில்லாத காலோடு. "தண்ணி மொறை இன்னிக்கு நம்முளுது. போகாட்டி அடுத்தவன் திருப்பிக்குவான்" என்றார் என் கணவரிடம், யாரோ வழிப்போக்கரிடம் சொல்வதுபோல மரியாதையாக. அந்த வாரமே என் கணவர் கூடத்து ஜன்னல் முழுக்கக் கம்பி வைத்து, போர்ட்டிகோவுக்கு கிரில் கேட்டும் போட்டார். வெல்டர் அளவெடுக்கும்போது மாமனார் பக்கத்திலேயே நின்று, "நல்லா உறுதியா வைங்க கண்ணு. திருட்டுப் பசங்க நடமாட்டம் சாஸ்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும் போல இருந்தது.

கேட் சாவி என் இடுப்புக்கு வந்தது. கணவருக்குச் சொந்தமாகச் சின்ன லேத் பட்டறை, காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மகள் வேலைக்குப் போய்விடுவாள். உள்ளே அவரும் நானும். கீரைக்காரம்மா வந்தால் கம்பி வழியாகக் கீரை வாங்குவேன், கம்பி வழியாகச் சில்லறை கொடுப்பேன். கிருத்திகைக்குக் கிருத்திகை மருதமலை ஏறிக்கொண்டிருந்தவள் நான். அது நின்றுபோயிற்று. துணி காயப் போட மொட்டை மாடிக்குப் போகும்போது மேற்கே மலை வரிசை தெரியும். அதில் முருகன் மலை எது என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. உத்தேசமாக ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கீழே அவர் என்ன செய்கிறாரோ என்று அவசரமாக இறங்கி வருவேன். கும்பிடும்போது அவர் நலத்துக்கு வேண்டினேனா என் விடுதலைக்கு வேண்டினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. முருகனுக்குத் தெரிந்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. ஜாதகம் பொருந்தி, பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போய், பெரியவர்கள் வீடு பார்க்க வரவேண்டியதுதான் பாக்கி. எங்கள் பக்கம் இது ஒரு முறை. பெண்ணை எங்கே வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், வீட்டை வந்து பார்த்தால்தான் பேச்சு உறுதி. எங்கள் வீடோ அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்தது. கூரையில் கசிவு, ஜன்னல் சட்டத்தில் துரு, ஜாலி ஓட்டைக்குள் பல வருஷத்து ஒட்டடை. பார்க்க வந்த கான்ட்ராக்டர், "இதுல காசு போடறதுக்கு இடிச்சுப்போட்டு ரெண்டு மாடியாத் தூக்கீரலாமுங்க" என்றார். என் கணவர் சிரித்து, "தூக்கறதுக்கு ஆளு இருக்கறீங்க, தாங்கறதுக்கு நானல்லங்க வேணும்" என்று அனுப்பிவைத்தார்.

கைக்கு எட்டியதைச் செய்தோம். ஜன்னல் சட்டத்தைச் சுரண்டி வர்ணம் அடித்தோம். பழைய தேக்குக் கதவை மாற்றாமல் இழைத்து எண்ணெய் தேய்த்தோம். ஜாலியை நானும் மகளும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓட்டை ஓட்டையாகக் கழுவினோம். கூரைக்குத் தார் பூசியதோடு நிறுத்திக்கொண்டோம். இதெல்லாம் அந்த வீட்டின் மனசு அறிந்து செய்த வேலை. ஆனால் என் கணவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "மொசைக்குனா பழைய ஆஸ்பத்திரியாட்ட இருக்குது. ஒறம்பரை உள்ள கால் வெச்சதும் பளிச்சுனு இருக்கோணும்" என்றார். ஒறம்பரை என்று சொல்வது வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களை. மொசைக்கின் மேல் கலவை பிடிப்பதற்காக உளியால் கொத்திவிட்டு, தூய வெள்ளையில் பெரிய பெரிய டைல்ஸ் ஒட்டினார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றினால் தரைக்குள்ளேயும் ஒரு விளக்கு எரிந்தது.

வேலை நடந்தபோது மாமனாரை அறையிலேயே வைத்திருந்தோம். முடிந்து, கழுவித் துடைத்த காலையில் நான் கதவைத் திறந்து, "வாங்க மாமா, காப்பி குடிக்கலாம்" என்றேன். வாசல் வரை வந்தார். நின்றார். கை தானாக வேட்டியைத் தூக்கியது.

"ஆரு மடையத் தொறந்து உட்டது?"

"மடையெல்லாம் இல்லீங்க மாமா. வாங்க."

"வடியட்டும் அம்மணி. வடிஞ்சதும் வாரேன்."

நான் சிரித்தேன். தோட்டத்து நினைப்பில் இருக்கிறார் என்று காப்பியை அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மதியமும் அதே. மறுநாளும் அதே. கணவர் கையைப் பிடித்து இழுத்தபோது, நிலைக்கதவை இறுகப் பற்றிக்கொண்டு, "ஆழந் தெரியாம கால வெக்கச் சொல்றயா? நீ ஆருடா மொதல்ல?" என்று கத்தினார். பெற்ற பிள்ளையை யார் என்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. என் கணவர் கையை விட்டுவிட்டார்.

குளியலறை கூடத்துக்கு அந்தப் பக்கம். அதனால் அறைக்குள்ளேயே ஓட்டை போட்ட நாற்காலி வந்தது, வாளி வந்தது, ஈரத்துணியால் துடைத்துவிடுவது வந்தது. ஜெயில் வேண்டாம் என்று இத்தனை பெரிதாகக் கட்டியவருக்கு வீடு ஒரு கட்டிலும் ஒரு வாளியுமாகச் சுருங்கிப்போனது. அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து எனக்கும் வீடு அவ்வளவுதான் ஆனது. திருப்பூரில் இருக்கும் கொழுந்தனார் வந்து பார்த்துவிட்டு, "நங்கையா" என்றார். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. "நீங்களும் எத்தன நாளைக்குத்தான் பாப்பீங்க? கல்யாணம் முடிஞ்சதும் ஒரு நல்ல இல்லமாப் பாத்து ஐயன உட்றலாமுங்க. அங்கெ நர்ஸெல்லாம் இருக்கறாங்க." ஐயன் என்று அவர்கள் சொல்வது அப்பாவைத்தான். என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணம் வரைக்கும்தான் மாமனாருக்கு இந்த வீடு என்று எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷமான காரியத்துக்கு நாள் எண்ணுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். உடுமலைப் பக்கம் அமராவதித் தண்ணீரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை மீசையும் கதர்ச் சட்டையுமாக, வாசலிலேயே செருப்பைக் கழற்றும்போதே உரக்கப் பேசுகிறவர். "ஐயன் கதவச் சாத்திப்போடு. சித்த நேரந்தானே" என்று கணவர் என் காதில் சொல்லியிருந்தார். சாத்தினேன், தாழ் போடவில்லை. சோபா போதாது என்று பக்கத்து வீட்டிலிருந்து நீளமான பவானி ஜமுக்காளம் ஒன்று இரவல் வாங்கி, மாமனார் அறை வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் விரித்திருந்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் அதன் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஜாலியைத் தொட்டுப் பார்த்து, "இந்த மாதிரியெல்லாம் இப்ப ஆருங்க வெக்கறாங்க. காத்து சொலுசொலுன்னு வருது" என்று சொன்னார். எனக்கு மனசு லேசானது.

பஜ்ஜித் தட்டு நடுவில் இருக்கும்போது அறைக் கதவு திறந்தது. மாமனார் வெளியே வந்தார். நின்று யோசிக்கவில்லை, வேட்டியைத் தூக்கவில்லை. ஜமுக்காளத்தின் மேல் நேராக, வரப்பில் போகிறவர் போல ஒரு காலுக்கு முன் ஒரு கால் வைத்து, விருந்தாளிகளுக்கு நடுவே நடந்து வந்தார். ஜமுக்காளம் முடியும் இடத்தில் அவரும் நின்றார். குனிந்து பார்த்தார். கை வேட்டிக்குப் போனது.

"ஆரு மடையத் தொறந்து உட்டது?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

என் கணவரின் முகம் செத்துப்போனது. மகள் அடுப்படி வாசலில் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நாந்தானுங்க பெரியவரே. இன்னிக்கு எங்க மொறைங்க. அதான் திருப்பி உட்டுட்டேன்."

"சொல்லிப்போட்டுத் திருப்போணுமல்லோ?"

"தப்புத்தானுங்க. அடுத்த தடவை சொல்லிப்போடறேன்." அவர் தன் வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டார். "கணுக்கால் தண்ணிதானுங்க. கையக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். அக்கட்டப் போயரலாம்."

மாமனார் கையைக் கொடுத்தார். எங்கள் பளிங்கு வெள்ளைத் தரையில் இரண்டு பேரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, குளியலறைப் பக்கம் வரைக்கும் நடந்து போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "எங்க தோப்புல ஒரு நாளாச்சும் இவரு சேத்துல எறங்கி இருப்பாரா? ஒறம்பரை ஊட்டுல வந்து எறங்கறாரு பாருங்க" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. என் கணவரும் சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. ஜமுக்காளத்தின் மேல் ஏன் தைரியமாக நடந்தார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. அது அவருக்குத் தண்ணீருக்கு நடுவே போகிற வரப்பு.

சம்பந்தம் உறுதியானது. ஜமுக்காளத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கி விரித்தே வைத்தேன். பாய், போர்வை, சாக்கு என்று குளியலறை வரைக்கும் பாதை போட்டேன். அவரும் நடந்தார். ஆனால் வழுக்குகிற டைல்ஸ் மேல் துணி எத்தனை நேரம் நிற்கும்? மூன்றாம் நாள் போர்வை காலடியில் சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முருகன் காப்பாற்றினான். அதற்குப் பிறகு வரப்பிலும் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். மறுபடி அறை.

"டைல்ஸப் பேத்தரலாமுங்க" என்றேன் கணவரிடம்.

"புத்தி கித்தி கெட்டுப் போச்சா? ஒட்டி ஒரு அமாவாசை முடியலெ. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க. ஐயன அனுப்பறதுன்னு நீங்களும் உங்க தம்பியும் மனசுக்குள்ள முடிவு பண்ணீட்டீங்க. தரையத் தண்ணின்னு நெனச்சுட்டு நிக்கறவர, புத்தி முழுசாப் போயிருச்சுன்னு அனுப்பப் போறீங்க."

அவர் பட்டறைக்குக் கிளம்பினார். நான் விடவில்லை. "ஒரே ஒரு நிமிசம் உங்க ஐயன் கட்டல்ல உக்காந்து பாருங்க" என்று அவரை அறைக்குள் கூட்டிப்போனேன். மாமனார் படுத்திருந்தார். காலடியில் இவர் உட்கார்ந்தார். காலை வெயில் கிழக்கு ஜன்னல் முழுக்க இறங்கியிருந்தது. அந்தக் கதவு வழியாகப் பார்த்தால் கூடத்தில் தரையே இல்லை. ஜன்னலும் கம்பியும் வெளியே இருக்கும் முருங்கை மரமும் தலைகீழாகக் கிடந்து, காற்றுக்கு அந்த முருங்கை அசைந்தது. என் கணவர் எழுந்து வாசல் வரை போய்க் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

கூலி மிச்சம் என்று பட்டறை ஆட்களோடு அவரே உட்கார்ந்து பெயர்த்தார். முழுசாக வந்தவை கொஞ்சம், உடைந்தவை நிறைய. அந்தச் சில்லுகளைத் தூக்கி எறியாமல் கலவை போட்டு மொட்டை மாடியில் பதித்தோம். தார் நிறுத்தாத கசிவு அதில் நின்றது, கீழே வெக்கையும் குறைந்தது. கோட்டைமேட்டிலிருந்து பாலிஷ் போடும் மிஷினோடு ஒரு பாய் வந்தார். அடியில் கிடந்த மொசைக்கைப் பார்த்து உச்சுக்கொட்டினார். உடம்பெல்லாம் அம்மை போட்டது மாதிரி உளிக் கொத்து. "எல்லாரும் மொசைக்கு மேல டைல்ஸ் ஒட்டறாங்க. டைல்ஸப் பேத்துபோட்டு மொசைக்கக் கேக்கற மொதல் ஊடு உங்களுதுதானுங்கம்மா. எத்தன தேச்சாலும் இந்தத் தழும்பு போகாதுங்க."

"இருக்கட்டுமுங்க பாய். பளபளப்பும் வேண்டாம். மங்கலா நிறுத்திப்போடுங்க."

"பளபளப்பு வேண்டாம்னா எனக்கும் பாதி வேலை மிச்சம்" என்று சிரித்தார்.

மொசைக் தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மிஷின் சுற்றச் சுற்ற, சாம்பல் நிறச் சேறு கூடம் முழுக்கப் பரவி ஓடியது. இத்தனை நாள் இல்லாத தண்ணீர் அன்றைக்குத்தான் நிஜமாகவே கூடத்தில் ஓடியது. இன்றைக்கு அவரைக் கட்டாயம் உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று நான் கதவுப் பக்கம் திரும்புவதற்குள், மாமனார் சேற்றுக்குள் இறங்கியிருந்தார். வேட்டியைத் தூக்கவே இல்லை. "அட, பெரியவரே! வயரு கெடக்குதுங்க!" என்று பாய் மிஷினை அணைத்தார். மாமனார் நடுக்கூடத்தில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் சேற்றை ஒதுக்கிச் சின்னதாக ஒரு கரை கட்டினார். தண்ணீரை வெளிக்குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டே, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல, "இக்கட்ட வா... இக்கட்ட வா" என்றார். தண்ணீரும் அவர் சொன்ன பக்கமே போனது. பாய் மிஷின் மேல் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு அவரை இல்லத்துக்கு அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மகள் கல்யாணத்தன்று அந்தத் தழும்புத் தரையில்தான் அவர் நடந்து வந்து அட்சதை போட்டார். தானாகக் குளியலறைக்குப் போனார், தானாக ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். இதோடு கதை முடிந்தால் நன்றாயிருக்கும். கூடம் கிடைத்ததும் அவர் போர்ட்டிகோ வரைக்கும் போனார். அங்கே கிரில் கேட் இருந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மணி, கதவத் தொறக்கறயா? நேரமாச்சு, நான் ஊட்டுக்குப் போகோணும்" என்பார். இதுதாங்க உங்க ஊடு என்பேன். "நல்ல ஊடுதான். ஆரு கட்டுனதோ, நல்லாக் கட்டியிருக்கறான். ஆனா நான் போகோணுமல்லோ?" என்பார். தினமும் சாயங்காலம் இதே பேச்சு. தரையை மாற்றலாம். கேட்டை நான் எப்படித் திறப்பேன்? அந்தப் பக்கம் ரோடு, அதற்கப்புறம் தண்டவாளம். சாவி என் இடுப்பிலேயே கிடந்து சேலையில் துருக்கறை ஏறியது. ஒரு நாற்காலி கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு அவரை உட்கார வைத்து, நானும் படியில் உட்கார்ந்துகொள்வேன். கம்பிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். வண்டி போகும் சத்தம் கேட்டால், "கிணத்துக்கடவு வண்டியா?" என்பார். "அடுத்ததுங்க மாமா" என்பேன்.

ஆனி மாதத்துக் காற்று ஜாலிக்குள் ஊளையிட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அந்த நாற்காலியிலேயே அடங்கிப்போனார். கேட்டை அன்றைக்கு முழுசாகத் திறந்தோம், தூக்கிக்கொண்டு போவதற்காக. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜன்னல் கம்பிகளை என் கணவரே அறுத்து எடுத்தார். கேட் மட்டும் இருக்கிறது, பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். மருதமலைக்கு இப்போது கிருத்திகை தவறாமல் போகிறேன். படி ஏறும்போது கை இடுப்பைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று மனசு பதறுகிறது. பிறகுதான் யாரும் இல்லை என்று ஞாபகம் வருகிறது.

போன தையில் மகளும் மாப்பிள்ளையும் ஊருக்குள் ஒரு புது அடுக்குமாடியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினார்கள். அன்று கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கழித்து நான் மட்டும் முருங்கைக்கீரையும் பூவும் எடுத்துக்கொண்டு போனேன். மகள் கதவைத் திறந்தாள். உள்ளே ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய கூடம், பால் வெள்ளையில் தரை, எதிரே கண்ணாடிக் கதவு. வானம் முழுக்கத் தரைக்குள் கிடந்தது.

"வாம்மா, ஏன் அங்கயே நின்னுட்ட?" என்றாள் மகள். பிறகு என் கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். வலது கை சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. இடது கை நிலையில் ஊன்றியிருந்தது.

தண்ணீர் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ஒண்ணுமில்ல கண்ணு. உங்க தாத்தா ஞாபகம்" என்றேன். மகள் முதலில் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். சுடிதாரைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து கையை நீட்டினாள்.

"கணுக்கால் தண்ணிதாம்மா. வா, நான் புடிச்சுக்கறேன்."

நிலையைப் பிடித்திருந்த கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.